23 விநாடி: தரம் 9 மாணவன் ஒருவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்த ஒரு பெப்ரவரிப் பிற்பகல். ஓட்டம் முடிந்து மைதான ஓரத்து மரநிழலில் உட்கார்ந்திருந்த தரம் 9 பிள்ளை ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. கை இழுத்தது, கால் இழுத்தது, வாயில் நுரை தள்ளியது. சுற்றி நின்ற வகுப்புத் தோழர்களில் ஒருவன், பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்த கைபேசியை எடுத்துப் படம் பிடித்தான். மொத்தம் 23 விநாடி. அதில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. படம் எடுத்தவனின் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் உரத்தது. அன்றிரவே அது வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்குப் போயிற்று. விடிவதற்குள் மற்ற வகுப்புகளுக்கும் போய்விட்டது.

கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் வழிகாட்டல், உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியராக இருக்கிறேன். படம் எடுத்தவனை என்னிடம் அனுப்பிய தாளில் காரணம் ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தது: "பிறர் துன்பத்தில் இரக்கம் காட்டாத மாணவன்."

அந்த வரி எவ்வளவு பிழையானது என்று விளங்கிக்கொள்ள எனக்கு ஏழு வாரம் எடுத்தது. அந்த ஏழு வாரத்தையும் அதற்குப் பின் நடந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்றிருக்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். முதலாமவன், இரண்டாமவன் என்று எழுத மனம் வரவில்லை. படம் எடுத்த பிள்ளை, விழுந்த பிள்ளை என்றே எழுதுகிறேன்.

என்னிடம் வருவதற்கு முன் நடந்தது

என் அறைக்கு வருமுன்பே தண்டனை முடிந்திருந்தது. திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் அவனை மேடையில் ஏற்றி, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, மன்னிப்புக் கேட்க வைத்திருந்தார்கள். விழுந்த பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்கச் சொன்னார்களாம். அதுவரை வீடியோவைப் பார்க்காத பிள்ளைகளுக்கும் வலிப்பு வந்தது யாருக்கு என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. விழுந்த பிள்ளை அந்தக் கிழமை முழுக்கப் பாடசாலைக்கு வரவில்லை.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. பெரியவர்களாகிய நாங்கள் அந்தக் காலைக் கூட்டத்தில் செய்த காரியம், அவன் 23 விநாடியில் செய்ததற்கு மிக அண்மையில் நிற்கிறது. கூட்டத்துக்கு நடுவில் ஒருவனை நிறுத்தினோம், எல்லாரும் பார்த்தார்கள், அவன் முகத்தில் என்ன ஓடுகிறது என்று யாரும் கவனிக்கவில்லை.

முதல் சந்திப்பில் நானும் ஒரு தவறு செய்தேன். எல்லா ஆசிரியரும் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டேன். "உனக்கு இப்படி நடந்து, அதை ஒருத்தன் வீடியோ எடுத்தா உனக்கு எப்படி இருக்கும்?"

"கவலையா இருக்கும் சேர்."

பாடமாக்கி வைத்த விடை. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கண் என் மேசையிலிருந்த ஸ்டேப்லரில் நின்றது. அன்றைய குறிப்பில் "உணர்ச்சி வெளிப்பாடு குறைவு" என்று எழுதினேன். இப்போது பார்க்க வெட்கமாக இருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்கப்பட்ட கேள்வியை நான் தனியறையில் இன்னொரு தடவை கேட்டேன், அவன் அங்கே சொன்ன விடையை இங்கேயும் சொன்னான். வேறொன்றும் நடக்கவில்லை.

வீடு

இரண்டாவது வாரம் வீட்டுக்குப் போனேன். ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு முடுக்கு, அதில் ஒன்றரை அறை வீடு. தகப்பன் பேலியகொடை மெனிங் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்குகிறவர். நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்குப் புறப்பட்டால் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் திரும்புவார். தாய் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறார். வீட்டில் அம்மம்மா. நீண்டகால நீரிழிவு நோயாளி. ஒரு காலில் இரண்டு விரல்களை எடுத்தாயிற்று.

நான் போன நேரம் அவன் நிலத்தில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு பிளாஸ்டிக் பேசின். தண்ணீருக்குள் முழங்கையை வைத்துச் சூடு பார்த்தான். பிறகு அம்மம்மாவின் பாதத்தைத் தூக்கி மெல்ல உள்ளே வைத்தான். "சுடுதா?" என்று கேட்டான். கழுவி முடிந்ததும் துவாயால் ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியாக ஒற்றி எடுத்தான். தேய்க்கவில்லை. நீரிழிவுக்காரரின் காலில் சூடு தெரியாது, இடுக்கில் ஈரம் நின்றால் புண்வரும், தேய்த்தால் தோல் கிழியும். இந்த மூன்றையும் அறிந்தவனின் கை அது.

"கிளினிக்ல மிஸ் சொல்லிக் குடுத்தவங்க," என்றார் தாய். "நான் செஞ்சா அம்மா கத்துவாங்க. அவன் செஞ்சா சத்தமே இல்ல."

இரக்கம் காட்டாத மாணவன் என்று எழுதப்பட்ட தாள் என் பைக்குள் இருந்தது.

ஒத்துணர்வு ஒரே பொருள் அல்ல

ஒருவனுக்கு இரக்கம் இருக்கிறது அல்லது இல்லை என்று பேசிப் பழகிவிட்டோம். இரத்த வகை போல, பிறக்கும்போதே முடிவான ஒன்றாக நினைக்கிறோம். மூளையை ஆராய்கிறவர்கள் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் காட்டியிருப்பது வேறு. நாம் ஒத்துணர்வு என்று அழைப்பது பல இழைகள் திரிந்த கயிறு. அந்த இழைகள் ஒரே வயதில் முதிர்வதில்லை.

முதல் இழை, இன்னொருவரின் வலி நம் உடம்பில் எதிரொலிப்பது. இது மிக முந்தியே வருகிறது. பிறந்த குழந்தைகூட இன்னொரு குழந்தை அழுதால் அழும். இரண்டு வயதுப் பிள்ளை அழுகிற தாய்க்குத் தன் பொம்மையைக் கொண்டுபோய்க் கொடுக்கும். 2004இல் மூளை ஆய்வாளர் தானியா சிங்கரும் குழுவினரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். பெண்களை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, பக்கத்தில் இருந்த துணைவரின் கையில் வலிக்கும் மின்தூண்டல் கொடுத்தார்கள். தங்களுக்கு வலித்தபோது இயங்கிய பகுதிகளில் சில, துணைவருக்கு வலிக்கிறது என்று அறிந்தபோதும் இயங்கின. முக்கியமானவை மூளையில் இன்சுலா என்ற உள்மடிப்பின் முன்பகுதியும், மூளையின் நடுப்பக்கத்தில் இருக்கும் சிங்குலேற் புறணியின் முன்பகுதியும். அதாவது வலி எந்த இடத்தில், எவ்வளவு என்ற விவரம் நம்மிடம் வருவதில்லை. அது எவ்வளவு தாங்கமுடியாதது என்பது மட்டும் வருகிறது. (குரங்குகளில் கண்டுபிடித்த, ஒரு செயலைத் தான் செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் கண்ணாடி நரம்பணுக்களைச் சொல்லி ஒத்துணர்வு முழுவதையும் விளக்கிவிடுகிற பேச்சுகள் நம் ஆசிரியர் செயலமர்வுகளில் நிறைய உண்டு. நான் அந்த வழியில் போவதில்லை. அந்தச் சான்று அவ்வளவு சுமையைத் தாங்காது.)

இரண்டாவது இழை, மற்றவரின் இடத்தில் நின்று பார்ப்பது. அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, அவர் எதை விரும்புகிறார் என்று கணிப்பது. நாலைந்து வயதில் இதன் அடிப்படை வந்துவிடும் என்று நீண்டகாலம் நினைத்தார்கள். 2010இல் இலண்டனில் டுமொந்தேய், அப்பர்லி, பிளேக்மோர் ஆகியோர் ஒரு தட்டலுமாரி விளையாட்டைப் பயன்படுத்தினார்கள். அலுமாரிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குச் சில தட்டுகள் தெரியாது. அவர் "சின்னப் பந்தை நகர்த்து" என்றால், அவருக்குத் தெரியாத பந்தை நாம் கணக்கில் எடுக்கக்கூடாது. 14 முதல் 17 வயது வரையானவர்கள் இதில் வளர்ந்தவர்களைவிடக் கூடுதலாகப் பிழைவிட்டார்கள். ஆனால் அந்த ஆளை எடுத்துவிட்டு, அதே விளையாட்டை வெறும் விதியாகக் கொடுத்தபோது இரு வயதினரும் ஒரே மாதிரிச் செய்தார்கள். விதியைப் பின்பற்ற 15 வயதில் முடிகிறது. எதிரே நிற்கும் மனிதரின் கண்ணால் பார்ப்பதை, கேட்டமாத்திரத்தில் தானாகச் செய்ய இன்னும் முழுதாக முடிவதில்லை.

மூன்றாவது இழைதான் இந்தப் பிள்ளையின் கதையில் அறுந்து கிடந்தது. மற்றவரின் வலி நமக்குள் வந்து நிரம்பும்போது அதில் மூழ்காமல் நிற்பது. உளவியலாளர் டானியல் பாட்சன் இதில் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று அடுத்தவருக்காக நோகும் பரிவு. மற்றது, பார்க்கிற எனக்கே தாங்கவில்லை என்ற பதற்றம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரித் தொடங்கும். பரிவு உதவிக்குப் போகும். பதற்றம் தப்பிக்க வழி தேடும். நான்சி ஐசன்பேர்க் பிள்ளைகளிடம் நெடுங்காலம் செய்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. தன் உணர்ச்சியை அடக்கி ஆளத் தெரிந்த பிள்ளையிடம் பரிவு தங்குகிறது, தெரியாத பிள்ளையிடம் அது பதற்றமாகத் திரும்புகிறது. இந்த அடக்கி ஆளும் வேலையில் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளைப் புறணிக்கு. தேவையற்ற இணைப்புகளைக் கத்தரித்து, மிஞ்சியவற்றுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்தி, அது தன்னைச் செப்பனிட்டு முடிக்க இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது.

தப்பிக்கும் வழிகளில் ஓடுவது ஒன்று. கண்ணை மூடுவது ஒன்று. சிரிப்பதும் ஒன்று.

14ஆவது விநாடி

அந்த வீடியோவை நான் ஒருமுறைதான் பார்த்தேன், அதிபரின் அறையில், அது அழிக்கப்படுவதற்கு முன். இரண்டாம் தடவை பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். ஆனால் ஒரு விஷயம் மனதில் நின்றது. பாதியைத் தாண்டியதும், கிட்டத்தட்ட 14ஆவது விநாடியில், படம் கீழே இறங்குகிறது. புல் தெரிகிறது, ஒரு சப்பாத்து தெரிகிறது. பிறகு மறுபடி மேலே ஏறுகிறது. அந்த இடத்தில் சிரிப்பு ஒரு கணம் நின்று, முன்னையதைவிடச் சத்தமாகத் தொடங்குகிறது.

நாலாவது சந்திப்பில் மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் கேட்டேன்.

"நடுவில கமரா கீழ போகுது. அந்த நேரம் என்ன நடந்தது?"

நீண்ட நேரம் பேசவில்லை. வெளியே தரம் 6 பிள்ளைகள் இடைவேளைக்குக் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"கை நடுங்கிச்சு சேர்."

"ஏன்?"

"செத்துப்போறான் எண்டு நினைச்சன்."

"அப்ப ஏன் சிரிச்ச?"

"எல்லாரும் சிரிச்சாங்க." கொஞ்ச நேரம் கழித்து: "சிரிக்காட்டி அழுதிருப்பன். அவங்களுக்கு முன்னால."

அன்றைக்கு அவன் அழுதான். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், வேறொன்றும் சொல்லவில்லை. அழுது முடித்தபின் அவன் கேட்ட கேள்வி: "அவனுக்கு அது திரும்ப வருமா சேர்?" ஐந்து வாரத்தில் விழுந்த பிள்ளையைப் பற்றி அவனாகக் கேட்ட முதல் கேள்வி அது.

பார்க்கிறவர்கள்

"அவங்களுக்கு முன்னால" என்ற அந்த இரண்டு சொல்லைப் பற்றி அதன்பின் நான் நிறைய யோசித்தேன்.

2005இல் மார்கோ கார்ட்னரும் லோரன்ஸ் ஸ்டைன்பேர்க்கும் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டைப் பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் கொடுத்தார்கள். தனியே விளையாடும்போதைவிட நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது பதின்ம வயதினர் ஆபத்தான முடிவுகளை வெகுவாகக் கூட்டினார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் நண்பர்களின் வருகை அந்த மாற்றத்தைச் செய்யவில்லை. 2011இல் ஜேசன் ஷெயினும் குழுவினரும் இதே வகையான விளையாட்டை எம்ஆர்ஐக்குள் வைத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் அடுத்த அறையில் இருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே பதின்ம வயதினரின் மூளையில் வெகுமதியை எதிர்பார்க்கும் பகுதிகள் கூடுதலாக இயங்கின. வயிற்றுப்புறக் கோடுடலம் என்று அழைக்கப்படும் பகுதி அதில் முதன்மையானது.

இதைக் கேட்டதும் பெற்றோர் சொல்வது: "அதுதான் சேர் நான் சொல்றன், கூட்டாளிமார் சரியில்ல." அவசரப்படக்கூடாது. நெதர்லாந்தின் ஜோரியன் வான் ஹோர்னும் மற்றவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தன்னிடமுள்ள விளையாட்டு வில்லைகளைத் தானே வைத்துக்கொள்வதா, குழுவுக்குக் கொடுப்பதா என்று பதின்ம வயதினரைக் கேட்டார்கள். கொடுப்பதைச் சக வயதினர் மெச்சியபோது அவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். கொடுக்காததை மெச்சியபோது குறைத்தார்கள். கூட்டாளிமாரின் கண்ணுக்கு ஒரே ஒரு திசை என்று இல்லை. மைதானத்தில் அன்று அந்தக் கண்கள் சிரிப்பை மெச்சின.

ரொறன்ரோவில் ஆரம்பப் பாடசாலை மைதானங்களைக் கமராவில் பதிந்து 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இங்கே பொருந்தும். வதை நடந்த சம்பவங்களில் 19 வீதத்தில்தான் சக பிள்ளைகள் குறுக்கே போனார்கள். ஆனால் குறுக்கே போன தடவைகளில் 57 வீதத்தில் பத்து விநாடிக்குள் வதை நின்றது. பத்து விநாடி. நம் மைதானத்தில் 23 விநாடி இருந்தது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அன்று ஒரு பிள்ளை ஓடிப்போய் விளையாட்டு ஆசிரியரைக் கூட்டிவந்தது. தரம் 7 மாணவி. தண்ணீர்ப் போத்தல் நிரப்பத் தனியே வந்தவள். சுற்றி அவளுடைய கூட்டாளிகள் யாரும் இல்லை. அவளைப் பற்றி ஒருவரும் அறிக்கை எழுதவில்லை. நானே அவளைத் தேடிப்போய் நன்றி சொன்னது ஒரு மாதம் கழித்து.

வயதையும் கவனிக்க வேண்டும். யோலின் வான் டெர் கிராஃபும் குழுவினரும் நெதர்லாந்தில் 497 பிள்ளைகளை 13 வயதிலிருந்து 18 வயது வரை தொடர்ந்து பார்த்து 2014இல் எழுதினார்கள். அடுத்தவர் பக்கம் நின்று பார்க்கும் திறன் பெண்பிள்ளைகளிடம் 13இலிருந்தே ஏறியது, ஆண்பிள்ளைகளிடம் 15 அளவில்தான் ஏறத் தொடங்கியது. ஆண்பிள்ளைகள் தாங்களே சொன்ன பரிவுணர்வு இந்த வயதின் முதற்பாதியில் சற்று இறங்கி, பிறகு மீண்டது. உடல் வளர்ச்சியில் முந்திய ஆண்பிள்ளைகளிடம் அது இன்னும் குறைவாக இருந்தது. நம் பிள்ளைக்கு 14. அந்த ஆண்டு மட்டும் அவன் ஒரு சாண் உயர்ந்திருந்தான் என்று தாய் சொன்னார். அவன் மூளையை யாரும் படம் எடுக்கவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் சராசரியை ஒரு பிள்ளையின் தலையில் பொருத்துவது தவறு என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் "இவன் இப்படித்தான்" என்று முத்திரை குத்தப் போன பெரியவர்களின் கையைப் பிடித்து நிறுத்த அந்தக் கோட்டின் இறக்கமும் ஏற்றமும் எனக்கு உதவின.

இன்னொரு பின்னணியும் உண்டு. இந்த வகுப்புப் பிள்ளைகள் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தரம் 5இல் இருந்தவர்கள். திறந்தும் மூடியும் போன இரண்டு ஆண்டு, பிறகு 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடி மூடல். கூட்டாளியின் முகம் மாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய வயதை அவர்கள் கைபேசித் திரையோடும் முகக்கவசத்தோடும் கழித்தார்கள். இதைக் காரணம் என்று நான் நிறுவவில்லை. குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மம்மாவின் காலும் கூட்டாளியின் உடலும்

வீட்டில் அப்படி நடக்கிறவன் மைதானத்தில் ஏன் இப்படி நடந்தான்? வகுப்பாசிரியை இதைக் கேட்டபோது, "வீட்டில் நடிக்கிறானோ?" என்றும் சேர்த்துக் கேட்டார். இல்லை. வீட்டில் அவனைப் பார்த்து மெச்சவோ சிரிக்கவோ யாரும் இல்லை. அங்கே அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாதி காட்டிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் செய்து கை பழகியிருக்கிறது. அம்மம்மாவின் புண் முதல் தடவை அவனையும் பயமுறுத்தித்தான் இருக்கும். செய்யத் தெரிந்ததால் பயம் வேலைக்குள் போய் அடங்கிவிட்டது.

மைதானத்தில் பயம் மட்டும் இருந்தது. செய்யத் தெரியவில்லை.

ஈவா டெல்சரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் செய்த ஆய்வுகளில், தனக்குச் செலவானாலும் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கும் முடிவை எடுக்கும்போது பதின்ம வயதினரின் மூளையில் அதே வெகுமதிப் பகுதி இயங்குவதைக் கண்டார்கள். 2014இல் வந்த ஆய்வில், குடும்பத்துக்குக் கொடுக்கும்போது அந்தப் பகுதி கூடுதலாக இயங்கிய பிள்ளைகளிடம் அடுத்த ஓராண்டில் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன. ஆபத்தான விளையாட்டில் கூடுதலாக இயங்கியவர்களிடம் அவை கூடின. பதின்ம வயதின் வெகுமதித் தாகம் என்று நாம் பயப்படும் அதே அமைப்பு, கொடுப்பதிலும் நிறைகிறது. கொட்டாஞ்சேனையில் அரிசி மூட்டையைத் தோளில் வைத்து மூன்றாம் மாடிக்கு ஏற்றும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல.

செய்தவை

ஒழுக்காற்றுக் குழு இன்னொரு மன்னிப்புக் கடிதம் கேட்டது. நான் மறுத்தேன். உளவியலாளர் மார்ட்டின் ஹொஃப்மன் பெற்றோரைப் பற்றி எழுதியது எனக்கு வழிகாட்டியாக இருந்தது: தண்டிப்பதும் அன்பை நிறுத்துவதும் பிள்ளையைத் தன் நிலைமையைப் பற்றியே நினைக்க வைக்கும், நீ செய்தது அவருக்கு என்ன செய்தது, இப்போது எதைச் சரிசெய்யலாம் என்று காட்டுவது அவரைப் பற்றி நினைக்க வைக்கும்.

முதலில் தரம் 9 முழுவதற்கும் வலிப்பு முதலுதவி வகுப்பு. படம் எடுத்த பிள்ளையைத் தனியே பிரிக்கவில்லை. விழுந்த பிள்ளையின் ஒப்புதலை முன்கூட்டியே கேட்டேன். அவன் சம்மதித்தான், ஆனால் அந்தப் பாடவேளையில் நூலகத்தில் இருக்க விரும்பினான். ஒருக்களித்துப் படுக்க வைப்பது, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைப்பது, கூர்மையானவற்றை அகற்றுவது, நேரம் பார்ப்பது. வாய்க்குள் எதையும் வைக்கக்கூடாது, கைகாலை அமுக்கிப் பிடிக்கக்கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சுவசரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். "சாவிக்கொத்துக் குடுக்கோணும் எண்டு அப்பா சொல்றவர்," என்றது ஒரு பிள்ளை. வீடுகளில் இன்னும் அதுதான் நடக்கிறது. இரும்புக்கு வலிப்பை நிறுத்தும் வல்லமை இல்லை, அது தானாகவே நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். அன்று சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை இருந்தது: ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் ஆசிரியரிடம் ஓடுவார், மற்றவர்கள் முதுகைக் காட்டி வட்டமாக நிற்பார்கள். முதுகைக் காட்டி நிற்பதை அவர்கள் நன்றாக விளங்கிக்கொண்டார்கள்.

சிரித்தவர்களில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். மூவருடன் பேச முடிந்தது. ஒருவனின் பெற்றோர் அனுமதி தரவில்லை. மற்றவன் வேறு பாடசாலைக்குப் போய்விட்டான். அவர்களைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

பிறகு நான் திட்டமிடாத ஒன்று நடந்தது. விழுந்த பிள்ளையின் தாய் என்னைப் பார்க்க வந்தார். கிளினிக்கில் டொக்டர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம்: வலிப்பு எப்படித் தொடங்கியது? எந்தக் கை முதலில்? தலை எந்தப் பக்கம் திரும்பியது? வீட்டில் ஒருமுறை வந்தபோது தாய் குசினியில் நின்றார். ஓடிவருவதற்குள் உடம்பு முழுக்க இழுக்கத் தொடங்கிவிட்டது. பிள்ளைக்கோ எதுவும் நினைவில்லை.

"அந்த வீடியோ இருக்கா சேர்?" என்றார். கேட்கும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

வலிப்பு மூளையின் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்று அறிய, அது தொடங்கும் விதம் டொக்டர்மாருக்கு மிகப் பெறுமதியானது. கண்டவர் சொல்லும் விவரமோ வீடியோவோ இல்லாமல் அதைப் பிடிப்பது கடினம். வீடியோவை நாங்கள் அழித்துவிட்டோம். ஆனால் அதைத் தொடக்கத்திலிருந்து பார்த்த இரண்டு கண் பாடசாலையிலேயே இருந்தது.

தாயிடம் அனுமதி கேட்டேன். அவர் மகனிடம் கேட்கச் சொன்னார். விழுந்த பிள்ளை நிறைய யோசித்தான். "டொக்டருக்கு மட்டும். வேற யாருக்கும் காட்டக்கூடாது," என்றான்.

ஏழாவது வாரம், என் அறையில், ஒரு கோடு போட்ட தாள். படம் எடுத்த பிள்ளைக்கு அதை எழுத 40 நிமிடம் ஆனது. "விழுந்தான்" என்று தொடங்கினான், அழித்தான். கண்ணை மூடி யோசித்தான். தன் இடது கையை மடக்கிப் பார்த்து, வலது கையா என்று சரிபார்த்தான். அவன் எழுதியதை அவன் சொல்லிலேயே தர அனுமதி உண்டு: "கதைச்சிட்டு இருக்கேக்க நிப்பாட்டினான். கூப்பிட்டா பாக்கேல்ல. இடது கை விரல் முதல்ல மடங்கிச்சு. பிறகு தலை இடது பக்கம் திரும்பிச்சு, கண்ணும் அந்தப் பக்கம். அதுக்குப் பிறகுதான் விழுந்தான். விழுந்த பிறகு ரெண்டு பக்கமும் இழுத்திச்சு."

அதுவரை எந்தப் பாடக் கொப்பியிலும் அவன் இவ்வளவு கவனமாக எழுதி நான் பார்த்ததில்லை. இன்னொருவன் உடம்பில் நடந்ததை, அவனுக்குப் பயன்படும்படி, பார்ப்பவர் யாருமில்லாத அறையில், தன் நினைவிலிருந்து விநாடி விநாடியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அன்று மைதானத்தில் அவனை விரட்டிய அதே காட்சிக்கு முன்னால் இப்போது அவனால் நிற்க முடிந்தது.

கடைசியில், டொக்டர் கேட்காத ஒரு வரியையும் எழுதினான்: "எழும்பினதும் தண்ணி கேட்டான். நாங்க ஒருத்தரும் குடுக்கேல்ல."

"இது டொக்டருக்குத் தேவையா?" என்றேன்.

"தெரியா சேர். ஆனா நடந்தது."

தாளில் அந்த வரியை அழிக்காமல் அப்படியே விட்டுவைத்தோம்.

பின்தொடர்தல்

மூன்றாம் தவணை முடியும்வரை இருவரையும் கவனித்தேன். படம் எடுத்த பிள்ளையைப் பற்றி அதன்பின் அறிக்கை எதுவும் வரவில்லை. ஆனால் ஒருமுறை, தரம் 8 பிள்ளை ஒன்றின் திக்குவாயைப் பார்த்துக் கூட்டாளிகள் சிரித்தபோது அவனும் சிரித்தான். அன்று பிற்பகலே என்னிடம் வந்து தானே சொன்னான். இரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் வந்தது. பிந்தினாலும் வந்ததை நான் முன்னேற்றமாகப் பதிந்தேன். வகுப்பாசிரியை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு, திக்கிய பிள்ளைக்கு அந்த இரண்டு மணித்தியாலத்தால் என்ன பயன் என்று கேட்டார்.

விழுந்த பிள்ளைக்கு மருந்து ஒத்துக்கொண்டது. நான் கவனித்த காலத்தில் பாடசாலையில் அவனுக்கு மறுபடி வலிப்பு வரவில்லை. இருக்கையை மாற்றித் தரச் சொன்னான், மாற்றினோம். இருவரையும் கைகுலுக்க வைக்கலாம் என்று அதிபர் ஒரு தடவை யோசனை சொன்னார். விழுந்த பிள்ளை வேண்டாம் என்றான், நாங்கள் விட்டுவிட்டோம்.

அந்தத் தாளைத் தாய் கிளினிக் கொப்பியின் உறைக்குள் வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அது டொக்டரிடம் போய் வருகிறது. ஆண்டிறுதியில் விழுந்த பிள்ளை என் அறைக்கு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தான். வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவன் நின்றான்.

"பஸ்ல போகேக்க அந்தத் தாளப் படிச்சன் சேர். கடைசி வரியையும்."

"அவனோட கதைச்சியா?"

"இன்னும் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனான்.